பொத்தான் அக்கா பேச்சுவார்த்தைக்குப் போன கதை

எங்கள் சங்கத்தில் யாருக்கும் பெயர் கிடையாது. அப்பா அம்மா வைத்த பெயர் இருக்கத்தான் செய்கிறது, ஆனால் அதை உள்ளே கொண்டுவரக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே விதி போட்டுவிட்டோம். செய்கிற தொழில்தான் பெயர். கடைத்தெரு முனையில் உட்கார்ந்து மாற்றுச் சாவி வெட்டுகிற நான் சாவி. லாரி ஓட்டுகிறவர் டிரைவர். சந்துக்குள் பொத்தானும் ஜிப்பும் கொக்கியும் விற்கிறவர் பொத்தான் அக்கா. இந்த விதியைக் கொண்டுவந்ததே அக்காதான். "பேர் வெளிய போச்சுன்னா நாளைக்கு என் கடை வாசல்ல ஈ காக்கா நிக்காது" என்றார். எல்லோரும் வேகமாகத் தலையாட்டினோம். எங்களில் தைரியசாலி என்று யாரும் இல்லை.

எங்கள் எல்லோருக்கும் வியாதி வந்தது ஒரே வழியில்தான். அரசாங்க ஆஸ்பத்திரி ரத்த வங்கியில் ஒரு காலத்தில் ரத்தத்தைச் சோதிக்கிற மருந்தை வாங்காமலேயே பாட்டில் பாட்டிலாக ஏற்றியிருக்கிறார்கள். எனக்கு வயிற்றுப்புண் வெடித்து வாய் வழியாக ரத்தம் வந்தபோது ஏற்றினார்கள். அக்காவுக்குக் கல்யாணமான புதிதில் ஸ்கூட்டர் சறுக்கித் தொடை எலும்பு முறிந்தபோது ஏற்றினார்கள். உயிரைக் காப்பாற்றினார்கள், இல்லையென்று சொல்லவில்லை. காப்பாற்றிய கையோடு ஈரலைத் தின்கிற கிருமியையும் உள்ளே அனுப்பிவிட்டார்கள். அது உடனே ஒன்றும் செய்யாது. வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். ஈரக்குலை நடுங்குகிறது என்று மற்றவர்கள் பேச்சுக்குச் சொல்வார்கள், எங்களுக்கு அது நிஜம்.

அக்காவின் கடையை நீங்கள் பார்க்க வேண்டும். ஒரு பீரோவுக்குள் ஆள் நுழைந்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அவ்வளவுதான் அகலம். இரண்டு பக்கச் சுவரும் சின்னச் சின்ன இழுப்பறை. ஒவ்வொன்றின் முகப்பிலும் உள்ளே இருக்கிற பொத்தானில் ஒன்றை மாதிரிக்குத் தைத்து வைத்திருக்கும். அதைத் தைத்தது அக்கா இல்லை, அவர் வீட்டுக்காரர். அக்கா ஊசியைக் கையால் தொட மாட்டார். சட்டையோடு வருகிறவர்கள், "இந்த ஒண்ணை மட்டும் தச்சுக் குடுத்துடுங்களேன், ஆபீசுக்கு நேரமாச்சு" என்பார்கள். "தைக்கறது இல்லைங்க, விக்கறது மட்டும்தான்" என்று அக்கா முகத்தைத் திருப்பிக்கொள்வார். கடைத்தெருவில் அதற்குத் திமிர் என்று பெயர். ஊசி குத்தி, ஒரு சொட்டு அந்தச் சட்டையில் பட்டுவிட்டால் என்ன ஆகும் என்கிற பயம்தான் அது. வேறொன்றும் இல்லை.

வீட்டிலும் அப்படித்தான். தனிச் சீப்பு, தனித் துண்டு, தனித் தட்டு. தட்டாலும் சீப்பாலும் இது ஒட்டாது என்று டாக்டர் எத்தனையோ தடவை சொல்லிவிட்டார். அக்கா கேட்டுக்கொள்வார், வீட்டுக்கு வந்து மறுபடியும் தன் தட்டைத் தானே கழுவித் தனியாகக் கவிழ்த்து வைப்பார். "டாக்டர் சொல்றது மூளைக்குப் புரியுது சாவி. கை கேக்க மாட்டேங்குது" என்று என்னிடம் ஒருமுறை சொன்னார்.

ஆனால் அக்காவின் பெரிய பயம் தட்டிலும் சீப்பிலும் இல்லை. அது அவருடைய மகள். விபத்து நடந்த அடுத்த வருஷம் பிறந்தவள். அப்போது அக்காவுக்குத் தன் உடம்பில் என்ன இருக்கிறது என்றே தெரியாது. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு, பக்கத்து வீட்டுக்காரருக்கு ஆபரேஷன் என்று ரத்தம் கொடுக்கப் போனார். கொடுத்த ரத்தத்தைச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கூப்பிட்டு அனுப்பினார்கள். விஷயத்தைக் கேட்டதும் அக்காவுக்குத் தன் உயிர் நினைவுக்கு வரவில்லையாம். வயிற்றில் சுமந்தபோதே இவளுக்கும் போயிருக்குமோ என்பதுதான் முதலில் தோன்றியதாம். எல்லாப் பிள்ளைக்கும் போகாது, சிலருக்குத்தான், சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்றார்கள். அக்கா பார்க்கவில்லை. அடுத்த மாசம், அரைப் பரீட்சை முடியட்டும், முழுப் பரீட்சை முடியட்டும் என்று தள்ளித் தள்ளி, மகள் கல்லூரிக்கே போய்விட்டாள்.

"பாத்துட்டா தெரிஞ்சுடுமே" என்பார் அக்கா. "தெரிஞ்சு என்ன பண்ண? கடையை வித்தாலும் அந்த மருந்துக்குப் பத்தாது. தெரியாத வரைக்கும் அவளுக்கு இல்லைன்னு நெனச்சுக்கலாம்ல?"

இதைக் கேட்டு நீங்கள் அவரைத் திட்டலாம். நான் திட்ட மாட்டேன். என் ஈரல் எந்த அளவில் இருக்கிறது என்று பார்க்க டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேனை நான் இன்னும் எடுக்கவில்லை.

அரசாங்கத்தின் மேல் நாங்கள் போட்ட வழக்கு கோர்ட்டில் இழுத்துக்கொண்டே போனதில் அரசாங்கத்துக்கும் அலுத்துவிட்டது. பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்று ஆள் அனுப்பினார்கள். எங்கள் பக்கம் வழக்கை நடத்துகிற வக்கீலம்மாவோடு இரண்டு பேர் போகலாம். பொத்தான் அக்காவைத்தான் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம். மொத்த வியாபாரிகளிடம் அவர் ஜிப் வாங்குகிற அழகை நான் பார்த்திருக்கிறேன். எதிராளி பேசி முடிக்கிற வரைக்கும் விலை கேட்க மாட்டார். சும்மா ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டே இருப்பார். அந்த ஆள் தானாகவே குறைத்துக்கொண்டு வருவான். துணைக்கு என்னைப் போட்டார்கள். ஏனென்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பேச்சு நடந்த இடம் அரசாங்கக் கட்டடத்தில் நாலாவது மாடி. முன்வாசலில் எந்நேரமும் பத்திரிகைக்காரர்கள் நிற்பார்கள், யார் கண்ணிலும் படாமல் வரவேண்டும் என்று நாங்கள் கேட்டிருந்ததால், குப்பை வண்டி வருகிற பின்வாசல் வழியாக விட்டார்கள். அனுமதிச் சீட்டில் எங்களைத் தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்கிறவர்கள் என்று போட்டிருந்தது. வாசல் காவலாளிக்கு எங்களைக் கண்டாலே எரிச்சல்.

"எத்தனை வாட்டிதான் வருவீங்க? குழாயைத் தொறந்தா இன்னும் துரு வாடை அடிக்குது. அப்படி என்னதான் கழுவுறீங்க?"

"பெரிய தொட்டிங்க, கொஞ்சம் கொஞ்சமாத்தான் ஆகும்" என்று மென்று முழுங்கினேன். புடவையும் கைப்பையுமாக நின்ற வக்கீலம்மாவை அவர் மேலும் கீழும் பார்த்தார். அக்கா குனிந்த தலை நிமிராமல் மாடியேறினார். லிஃப்டில் போனால் நாலு பேர் முகத்தைப் பார்ப்பார்களாம். முறிந்து ஒட்டிய காலோடு நாலு மாடியும் ஏறுவார்.

அரசாங்கத் தரப்பில் பேசிய செயலாளர் ரொம்ப மரியாதையான மனிதர். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கத்துகிறவனாக இருந்தால் நானும் கத்திவிட்டுப் போயிருப்பேன். அவர் "சொல்லுங்கம்மா, உங்க கஷ்டம் எனக்குப் புரியுது" என்று ஆரம்பித்து, நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொள்வார். நாங்கள் கேட்டது இரண்டுதான். எங்கள் எல்லோருக்கும் மருந்தை அரசாங்கம் தர வேண்டும், கூடவே ஒரு தொகை. இதற்கெல்லாம் முன்னால் அக்கா போட்ட நிபந்தனை ஒன்று இருந்தது. யாருக்கு எந்தப் பாட்டில் ரத்தம் போனது என்று எழுதி வைத்த ஆஸ்பத்திரிப் பதிவேடுகளை முத்திரை வைத்து மூட வேண்டும். எல்லாம் முடிந்ததும் எரித்துவிட வேண்டும். எங்கள் பெயர் ஒரு ஈ எறும்புக்கும் தெரியக் கூடாது.

மருந்துக்கு இழுத்தடித்தார்கள், தொகைக்கு இழுத்தடித்தார்கள், இதற்கு மட்டும் உடனே சரி என்றார்கள். படியிறங்கும்போது அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்தியா, முதல் பேச்சிலேயே சம்மதிச்சுட்டாங்க" என்று பூரித்துப்போனார். ஜிப் வியாபாரி ஒருவன் இப்படி உடனே சம்மதித்திருந்தால் அக்காவுக்குச் சந்தேகம் வந்திருக்கும். பயம் அவரை யோசிக்க விடவில்லை, என்னையும் விடவில்லை.

கடைசியில் ஒருவழியாக மருந்துக்கும் ஒப்புக்கொண்டு ஒப்பந்த நகலைக் கொடுத்தார்கள். வக்கீலம்மா அங்கேயே உட்கார்ந்து படித்தார். ஒரு பக்கம் வந்ததும் மேலே படிக்காமல் நிறுத்தினார். திரும்பவும் அதையே படித்தார். முகம் மாறியது.

"நாங்க குடுத்த சங்கப் பட்டியல்ல இருக்கறவங்களோட எல்லாம் முடிஞ்சது, இனிமே யாரும் வந்து கேக்க முடியாதுன்னு போட்டிருக்கே, சார்?"

"ஆமாம்மா. பதிவேடுதான் இருக்காதே. பிற்பாடு ஒருத்தர் வந்து எனக்கு அங்கதான் ரத்தம் ஏத்துனாங்கன்னு சொன்னா, எதை வச்சு நம்பறது? எரிக்கணும்னு நீங்களே கேட்டதுதானே" என்றார் செயலாளர், அதே மரியாதையோடு.

அந்தக் காலத்தில் அங்கே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள் நாங்கள் மட்டும் இல்லை. உடம்புக்குள் இருப்பது தெரியாமல் எத்தனையோ பேர் வேலைக்குப் போய் வந்துகொண்டிருப்பார்கள். என்றைக்காவது வயிறு வீங்கி விழும்போது, ஏன் வந்தது என்று நிரூபிக்க ஒரு துண்டுத் தாள் இருக்காது. எங்கள் மானத்தைக் காப்பாற்றப்போய், வருகிறவர்கள் எல்லோருக்கும் கதவைச் சாத்தி, கொளுத்தியும் போடச் சொல்லியிருக்கிறோம்.

அக்காவின் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. அவர் எத்தனையோ பேரை நினைக்கவில்லை, ஒருத்தியைத்தான் நினைத்தார் என்று எனக்குத் தெரியும்.

"எங்க பிள்ளைங்க?" என்றார். செயலாளருக்குப் புரியவில்லை என்று கண்டு விளக்கிக் கேட்டார். "ரத்தம் ஏத்துன பின்னாடி எங்களுக்குப் பொறந்த பிள்ளைங்க? அவங்களுக்கு வந்திருந்தா?"

"அப்படி யாராவது இருக்காங்களாம்மா? உங்க பட்டியல்ல ஒருத்தர்கூட இல்லையே. இருந்தா சொல்லுங்க, பேசலாம். இல்லாத ஒண்ணுக்கு நான் எப்படி எழுதறது?"

எங்களில் யாரும் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்ததில்லை. அத்தனை பேரும் அக்கா ஜாதிதான்.

"எனக்கு ஒரு பொண்ணு இருக்கா" என்றார் அக்கா.

"அவங்களுக்கு இருக்கா?"

"தெரியாது. நான் பாக்கல."

"ஏம்மா பாக்கல?"

"பயமா இருந்துச்சுங்க" என்றார் அக்கா. சின்னப் பிள்ளை சொல்கிற மாதிரி சொன்னார்.

செயலாளர் பேனாவை மேசையில் வைத்தார். பிறகு, "பரிசோதனை பண்ணிட்டு அடுத்த கூட்டத்துல சொல்லுங்க. இருக்குன்னா பிள்ளைகளைப் பத்தி ஒரு பிரிவு சேத்துக்கலாம். இல்லைன்னா இப்படியே கையெழுத்துப் போட்டுடலாம்" என்றார். நியாயமான பேச்சு மாதிரிதான் இருந்தது. கீழே இறங்கி வெயிலில் நின்ற பிறகுதான் அதன் அர்த்தம் எனக்கு முழுசாக உறைத்தது. ஒரு பெண்ணின் ரத்தத்தைத் தராசில் வைத்துவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டைல்ஸ் கிடங்கின் மாடியில் சங்கம் கூடியது. நடந்ததைச் சொன்னோம். பதிவேட்டை எரிக்கக் கூடாது என்று வக்கீலம்மா சொன்னதற்குப் பாதிப் பேர் எகிறினார்கள், பெயர் வெளியே வந்தால் தூக்கில் தொங்கவேண்டியதுதான் என்று ஒருவர் அழுதார். இன்னும் சில பேர், எங்கள் உடம்பு அவ்வளவு நாள் தாங்காது, எதையாவது போட்டு முடியுங்கள் என்றார்கள். அதுவும் உண்மைதான், சோபா தைக்கிறவர் போன கூட்டத்துக்கு வந்திருந்தார், இந்தக் கூட்டத்துக்கு இல்லை. அந்த இரைச்சலுக்கு நடுவில் டிரைவர், யாரிடமும் இல்லாமல், "அந்தப் பொண்ணுக்கு இருந்துச்சுன்னா எல்லாப் பிள்ளைங்களுக்கும் வழி பொறக்கும்" என்றார்.

கூட்டம் கப்பென்று அடங்கியது. டிரைவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு அவரை அறைய வேண்டும் போல் இருந்தது. அவர் சொன்னது எல்லோர் மனசிலும் ஒரு நொடி ஓடியதுதான், என் மனசிலும்தான், அதனால் வந்த கோபம். அக்கா மட்டும் அவரைப் பார்த்து, "உங்க வாயில வந்துடுச்சு, அவ்வளவுதான். விடுங்க" என்றார்.

மகளிடம் சொல்ல வேண்டும். அதற்கு அக்கா என்னைக் கடைக்கு வரச் சொன்னார். "நீ கூட இரு சாவி. நான் பாதியில எழுந்து ஓடிட்டா மிச்சத்தை நீ சொல்லு."

"நான் ஓடிட்டா?"

"நீ ஓடுனா உன் கடையில வந்து உதைப்பேன்."

மத்தியானம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு மூன்று பேரும் அந்தப் பீரோவுக்குள் முட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். மகள் வாயாடி. பேருந்து நடத்துநரிடம் சில்லறைக்குச் சண்டை போட்டு டெப்போ வரைக்கும் போனவள். அன்றைக்கு அவள் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னார், விபத்து, ரத்தம், கிருமி, சங்கம். உனக்கும் இருக்கலாம் என்கிற இடம் வந்ததும் நின்றுவிட்டார். நான்தான் அதைச் சொன்னேன்.

மகள் முதலில் கேட்டது இதுதான்.

"அதனாலதான் உன் சீப்பைத் தொட்டா கத்துவியாம்மா?"

அக்கா தலையசைத்தார்.

"நான் பக்கத்துல வந்து படுத்தா தள்ளிப் படுப்பியே, அதுவும் இதுக்குத்தானா?"

"ஆமாண்டி."

"என்னை உனக்குப் பிடிக்காதுன்னு நெனச்சுட்டிருந்தேன்" என்றாள் அவள். "சத்தியமா. சின்ன வயசுலேருந்து அப்படித்தான் நெனச்சுட்டிருந்தேன்."

அக்கா முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டார். எனக்கு அங்கே இருக்கவும் முடியவில்லை, முட்டியை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்ததால் எழுந்து போகவும் முடியவில்லை. மகள்தான் கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டெஸ்டுக்கு நானே போய்க்கறேன். நீ வராதே. நீ வந்தா அங்க வாசல்ல மயக்கம் போட்டு விழுவே, அப்புறம் உனக்கு வைத்தியம் பாக்கணும்" என்றாள்.

அவள் போய்விட்டு வந்தாள். போய்விட்டு வந்தவள் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா கேட்டதற்கு, "கூட்டத்துக்கு நானும் வர்றேன். அங்க சொல்றேன்" என்று சொல்லிவிட்டாளாம். அந்த வாரம் முழுக்க அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. மகள் பாத்திரம் கழுவினால் முகத்தைப் பார்ப்பார், துணி காயப்போட்டால் முகத்தைப் பார்ப்பார். கடையில் வெள்ளைப் பொத்தான் கேட்டவருக்குக் கறுப்பை எண்ணிக் கொடுத்தார். "இல்லைன்னா சொல்லியிருப்பாள்ல சாவி? நல்ல சேதியை யாராவது மறைப்பாங்களா?" என்று என்னிடம் வந்து கேட்டார். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால், "பிள்ளைங்க அப்படித்தான் அக்கா, விளையாட்டுக்குச் சொல்லாம இருக்கும்" என்று உளறினேன்.

கூட்டத்தன்று நாலு பேராகப் பின்வாசலுக்குப் போனோம். "புது ஆளா? இந்தப் பொண்ணாவது ஒழுங்காக் கழுவுமா?" என்றார் காவலாளி. "இன்னிக்கு முடிச்சுடுவோம் அண்ணே" என்றாள் மகள். படியில் அக்காவுக்கு முன்னால் அவள் ஏறினாள். அக்காவின் கை கைப்பிடிச் சுவரை உரசிக்கொண்டே வந்தது, வியர்வை ஈரம் சுவரில் தெரிந்தது.

செயலாளர் அவளுக்கும் நாற்காலியை இழுத்துப் போட்டார். வழக்கமான மரியாதை எல்லாம் முடிந்து, பேனாவை எடுத்தார். "என்னம்மா, பரிசோதனை முடிவு என்ன?"

"சொல்ல மாட்டேன் சார்" என்றாள் அவள்.

வக்கீலம்மா திரும்பிப் பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

"சொல்லத்தானே வந்திருக்கீங்க?"

"இருக்குன்னு சொன்னாத்தான் பிள்ளைங்களுக்கு எழுதுவீங்க. இல்லைன்னு சொன்னா யாருக்குமே எழுத மாட்டீங்க. எனக்கு ரெண்டும் வேணாம். எங்க அம்மா மாதிரி பயந்துக்கிட்டுப் பாக்காம வச்சிருக்கறவங்க பிள்ளைங்க இருக்காங்க. தனக்கு இருக்கறதே தெரியாதவங்க இருக்காங்க. அவங்களுக்கு எழுதுங்க. என் ரத்தத்தை எதுக்குக் கேக்கறீங்க?"

கையை மடியில் இறுக்கி வைத்திருந்தாள். செயலாளரின் குரலில் முதல்முறையாக மரியாதை கொஞ்சம் குறைந்தது. "அப்படின்னா பழைய நகல்லயே கையெழுத்துப் போட வேண்டியதுதான். பேசி முடிச்சதை நீங்களே மாத்த முடியாது."

அப்போது அக்கா கண்ணைத் திறந்தார். "பேசினது நான்தானே? மாத்தறதும் நான்தான்" என்றார். "பதிவேட்டை எரிக்க வேணாம். மூடவும் வேணாம். என் பேரோட அப்படியே இருக்கட்டும். கையெழுத்தும் போடல. நானும் என் பொண்ணும் இப்ப முன்வாசல் வழியா கீழ இறங்கறோம். வெளிய பத்திரிகைக்காரங்க நிப்பாங்கல்ல, எனக்கு என்ன ஆச்சுன்னு நானே சொல்றேன்."

நான் ஆடிப்போனேன். பெயர் தெரிந்துவிடுமோ என்று எங்களுக்கு இருந்த பயத்தின் மேல்தான் அந்த அறையில் பேச்சே இவ்வளவு நாள் ஓடிக்கொண்டிருந்தது. செயலாளருக்கும் அது புரிந்தது. பதிவேடு திறந்து கிடந்தால், அந்த வருஷங்களில் ஆஸ்பத்திரிப் படி ஏறிய அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். போனவர் வருவதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. அக்கா கைப்பையின் ஜிப்பை மேலும் கீழும் இழுத்துக்கொண்டிருந்தார்.

வந்தார். இதற்கெல்லாம் சம்மதம் என்றார்: பதிவேடுகளைக் கோர்ட் பொறுப்பில் விடுவது, பெயர்களை வெளியிடுவதில்லை, ஆனால் யார் எப்போது வந்து கேட்டாலும் அவர்களுடைய பக்கத்தைத் திறந்து பார்ப்பது, பிள்ளைகளுக்கும் மருந்து. வக்கீலம்மா வரி வரியாக எழுதி வாங்கினார். தொகையில் மட்டும் கை வைத்துவிட்டார்கள். அதில் எனக்கு இன்றைக்கும் வயிற்றெரிச்சல்தான், மறைக்க மாட்டேன். அக்கா கையெழுத்துப் போட்டார். நானும் போட்டேன். என் கையெழுத்து கோழி கிளறிய மாதிரி வந்தது.

தாழ்வாரத்துக்கு வந்ததும் அக்கா மகளின் தோளைப் பிடித்து நிறுத்தினார். "இப்பவாவது சொல்லுடி. எதுவா இருந்தாலும் சொல்லு. என்னால முடியல."

மகளுக்கு உதடு கோணியது. உள்ளே அத்தனை பேச்சுப் பேசியவள் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"பாக்கவே இல்லம்மா" என்றாள். "அந்த லேப் வாசல் வரைக்கும் போனேன். டோக்கன்கூட வாங்கினேன். என் நம்பரைக் கூப்பிட்டாங்க, எழுந்து வெளிய வந்துட்டேன். ரொம்பப் பயமா இருந்துச்சும்மா."

அக்கா அவளையே பார்த்தார். சிரித்தாரா அழுதாரா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை, இரண்டும் சேர்ந்து ஒரு சத்தம் வந்தது. "இத்தனை வருஷமா நானும் அந்த வாசல்லதான்டி நிக்கறேன்" என்றார். பிறகு அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "வா" என்றார்.

லேப் இரண்டு தெரு தள்ளி, சைக்கிள் நிறுத்துமிடத்துக்கு எதிரே இருந்தது. நானும் போனேன். வக்கீலம்மா கோர்ட்டுக்குப் போய்விட்டார். ரத்தம் எடுக்கும்போது அக்கா மகளின் இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டு, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். சாயங்காலம் சொல்கிறோம் என்றார்கள். பிளாஸ்டிக் நாற்காலிகளில் மூன்று பேரும் ஒட்டி உட்கார்ந்துகொண்டோம். ஒவ்வொரு முறை உள்கதவு திறக்கும்போதும் மூன்று பேரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்தோம்.

லேப் டாக்டரம்மா தாயையும் மகளையும் உள்ளே கூப்பிட்டார். கதவு சரியாகச் சாத்தவில்லை, எனக்கு எல்லாம் கேட்டது. இருக்கிறது என்றார். ஈரல் இன்னும் கெடவில்லை, இப்போதே மருந்தை ஆரம்பித்தால் போக்கிவிடலாம், நல்லவேளை வந்தீர்கள் என்றார். மருந்து விலை கூடுதல், எங்கேயாவது உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள் என்றும் சொன்னார். கிடைக்கும் என்று அக்கா சொன்னது எனக்குக் கேட்டது. குரலில் அழுகை இல்லை.

வெளியே வந்ததும் மகள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து அவளை இழுத்து மேலே சாய்த்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மகள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்.

"அம்மா, உனக்கும் இப்படித்தான் இருந்துச்சா? வயித்துக்குள்ள ஜில்லுன்னு?"

"ஆமா."

"டெய்லியுமா?"

"டெய்லியும்தான்."

"இதை வச்சுக்கிட்டா எனக்குச் சாப்பாடு கட்டிக் குடுத்துட்டு, கடைக்குப் போய் பொத்தான் வித்துட்டு வந்தே? யார்கிட்டயும் சொல்லாம?"

மகள் இரண்டு கையாலும் அவர் இடுப்பைக் கட்டிக்கொண்டு, "ஐயோ அம்மா" என்று அழ ஆரம்பித்தாள். தனக்காக அழவில்லை என்பது எனக்குக் கேட்கும்போதே தெரிந்தது.